நோவில்லை என்று ஒரு சீட்டு

அம்சவல்லியைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பியது நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட எனக்கு வழியில்லை. பள்ளிக்கூடத்தில் மொத்தமே இரண்டு வாத்தியார்கள், தலைமையாசிரியர் சக்கரபாணியும் நானும். அந்த ஜூன் மாதம் அவர் ஒரு மாதப் பயிற்சிக்குப் போயிருந்தார். ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான் ராஜாவும் மந்திரியும்.

எனக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். என் வீட்டுக்காரர் மருதாசலத்துக்கு நெய்வேலி மைன்ஸில் வேலை. கல்யாணமாகி வந்து குவார்ட்டர்ஸில் எட்டு வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிறகு, எப்போதோ முடித்த டீச்சர் ட்ரெயினிங்குக்கு 1978 ஆகஸ்டில் ஆர்டர் வந்தது. டவுன்ஷிப்பிலிருந்து முத்தாண்டிக்குப்பம் பஸ்ஸைப் பிடித்து, ஊருக்கு முன்னாலேயே இறங்கி, முந்திரிக்காட்டுக்குள் ஒரு மைல் நடக்க வேண்டும். அங்கே ஓடு போட்ட ஒரே கட்டடம். பதிவேட்டில் அறுபத்திரண்டு பேர், வருவது முப்பது. மற்றவர்கள் எங்கே என்று கேட்டால், "கொல்லைக்குப் போயிருக்குதுங்க டீச்சர்" என்று பதில் வரும்.

கொல்லை என்றால் முந்திரித் தோப்பு. தோப்பு அவர்களுடையது இல்லை. வைத்திலிங்கம் என்பவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். மாசியிலிருந்து வைகாசி வரை குடும்பத்தோடு பழம் பொறுக்குவார்கள். பிறகு அவர் வீடு வீடாகக் கொட்டையை அளந்து கொடுப்பார், இவர்கள் வாசலில் உட்கார்ந்து உடைத்துப் பருப்பெடுத்துத் தருவார்கள். இதையெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்த முந்திரி மளிகைக் கடைப் பொட்டலத்தில் இருந்தது, பாயசத்தில் மிதந்தது. காலை ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் நாலரைக்கு வெளியே வருவேன். பக்கத்திலேயே இருக்கிற ஊரைத் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த ஊர்ப் பெண்களின் கையெல்லாம் ஏன் கறுத்துக் கிடக்கிறது என்று ஒரு நாள் தோன்றியது. அழுக்கு என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நைட் ஷிப்ட் என்றால் நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவார். டிபன் கேரியரைத் தூக்கிக் காட்டுவார், நான் கையாட்டுவேன். அன்றைக்கு எங்கள் குடும்பப் பேச்சு அவ்வளவுதான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் நல்லவர்கள். திருநெல்வேலி, ஈரோடு, மதுரை என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் பிள்ளைகளில் வந்து முடிப்பார்கள், முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். எங்களுக்கு ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லை. அதனால் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்து பழகிவிட்டேன்.

நாள் முழுக்க என்னோடு பேசிய ஒரே ஜீவன் அம்சவல்லிதான். நான்காம் வகுப்பு. தினமும் ரோட்டோரம் வந்து எனக்காக நிற்பாள். பையைக் கொடுங்கள் என்பாள், நான் கொடுக்க மாட்டேன், கூடவே நடந்து வருவாள். அந்த ஒரு மைலும் கேள்விதான்.

"டீச்சர், உங்க வூட்டுல கொழாயத் தொறந்தா எந்நேரமும் தண்ணி வருமாமே, நெசமா?"

"வரும்."

"யாரும் வந்து நிறுத்த மாட்டாங்களா?"

"யாரு நிறுத்துவா?"

"அப்ப நீங்க கொடமே வச்சிருக்க மாட்டீங்க" என்று அவளே முடிவு செய்துகொள்வாள். எங்கள் பிளாக் நம்பர், வீட்டு நம்பர், வாசலில் இருக்கிற வேப்பமரம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஐந்தாவது முடித்து முத்தாண்டிக்குப்பத்தில் ஆறாவது சேரப்போவதாகவும், அந்த ஊரிலிருந்து ஆறாவது போகிற முதல் பெண் தானே என்றும் சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொள்ளலாம், அப்படிப் படித்தாள். எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவள் அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திதான். ஏப்ரலில் கடைசிப் பாடமாகக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தேன். தேதி இல்லாத கடிதம் செல்லாது, எத்தனை அழகாக எழுதினாலும் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்தி வைத்தேன். மற்றப் பிள்ளைகள் கடிதத்தையே மறந்துவிட்டார்கள். அவள் கணக்கு நோட்டில்கூடப் பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டாள்.

லீவு விட்ட அன்று ஒரு கைப்பிடி முந்திரிக்கொட்டையைத் துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தாள்.

"நீங்க உடைக்காதீங்க டீச்சர். லீவு முடிஞ்சதும் எடுத்துகினு வாங்க, நான் உடைச்சித் தர்றேன்."

குழந்தைப் பாசம் என்று நினைத்துக் கன்னத்தைத் தட்டினேன். முடிச்சை அப்படியே சமையலறை அலமாரியில் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. நாற்பது நாளுக்கு மேல். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம். நடக்கப் பயம், குனியப் பயம், இருமுகிறவர் பக்கத்தில் உட்காரப் பயம். அந்த நிலையில்தான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வழக்கம்போல அம்சவல்லி நின்றிருந்தாள். பையைக் கேட்கவில்லை. இரண்டு கையையும் பாவாடை மடிப்புக்குள் வைத்திருந்தாள்.

வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்க வந்தவள் கையை நீட்டினாள். உள்ளங்கையிலும் விரலிலும் தோல் உரிந்து திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. நடுநடுவே கறுப்புப் புள்ளி. நான் புத்தகத்தை மேஜையில் போட்டுவிட்டுப் பின்வாங்கினேன்.

"என்ன கையில?"

"கொட்டெ உடைச்சேன் டீச்சர்."

"கொட்டை உடைச்சா கை வலிக்கும். தோல் உரியுமா? பொய் சொல்லாத."

"ஆமாங்க டீச்சர், எண்ணெ பட்டாக்கா அப்பிடித்தான் ஆவும்" என்று நாலைந்து பிள்ளைகள் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள்.

"யாரைக் கேட்டேனோ அவங்க மட்டும் பேசணும்" என்று பிரம்பால் மேஜையைத் தட்டினேன். வாயை மூடிக்கொண்டார்கள்.

மார்ச் மாதம் ஒரு சுகாதார ஊழியர் வந்து தொழுநோய் பற்றிய படம் ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். வெளுத்த தேமல் இருந்தால் எங்களிடம் காட்டுங்கள் என்றார். பிள்ளைகளை ஒதுக்கி வைக்காதீர்கள் என்றும் சொன்னார். எனக்கு முதல் பாதிதான் ஞாபகம் இருந்தது. நான் அந்த வியாதியின் பேரைச் சொல்லவில்லை, அதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். சுவரில் இருந்த அந்தப் படத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். முப்பது பிள்ளைகளும் நான் பார்த்த இடத்தைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

"வீட்டுக்குப் போ. அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி, ஒண்ணும் இல்லைன்னு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா. அதுவரைக்கும் வர வேண்டாம்."

அவள் அழவில்லை. "சீட்டுல என்னன்னு எழுதணும் டீச்சர்?" என்று கேட்டாள்.

"நோய் இல்லைன்னு எழுதியிருக்கணும்."

அவள் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். புத்தகம் மேஜையிலேயே கிடந்தது.

மறுநாள் அவள் அம்மா ருக்குமணி வந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்றாள். நானும் எழுந்து போகவில்லை. வயிற்றில் கை வைத்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"கொட்டெ உடைச்சதுதாங்க டீச்சரம்மா. இந்த வருசம் நானு ஒடம்பு முடியாம படுத்துகினு இருந்தேன், அதுதான் ஒண்டியா உடைச்சிது. சாம்பல் தொட்டுகினு உடைக்கத் தெரியல. எங்க எல்லாருக்கும் இப்பிடித்தாங்க. தோ, என் கையப் பாருங்க."

கையை நீட்டினாள். நான் பார்த்தேன் என்றும் சொல்லலாம், பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். வியாதியை மறைக்க ஊரே சேர்ந்துகொண்டு ஒரே பொய்யைச் சொல்கிறது என்று எனக்குப் பட்டது. படித்த திமிர் என்று இதைச் சொன்னால் படிப்புக்குத்தான் அவமானம். வெறும் திமிர்.

"சீட்டு வந்தா சேத்துக்கறேன்" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு எதையாவது கொறிக்க வேண்டும் போல நாக்கு துடித்தது. மசக்கை என்று நானே சந்தோஷப்பட்டுக்கொண்டு டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தேன். துணி முடிச்சு அகப்பட்டது. புளியங்கொட்டையைக் கடிப்பது மாதிரி ஒரு முந்திரிக்கொட்டையைப் பல்லிடுக்கில் வைத்து ஒரு கடி கடித்தேன்.

உதட்டில் நெருப்புப் பட்டது போல இருந்தது. விரலால் துடைத்தேன், விரலும் எரிந்தது. தண்ணீர் விட்டுக் கழுவக் கழுவ எரிச்சல் பரவியதே தவிர நிற்கவில்லை. விடிந்தபோது உதடு வீங்கி, மூக்கு வரைக்கும் கொப்புளம். அவர் பதறிப்போய் கம்பெனி கொடுத்த மெடிக்கல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே கண்ணகி என்று ஒரு நர்ஸ். முத்தாண்டிக்குப்பத்துக்காரி.

"பச்சைக் கொட்டைய வாயால கடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்க ஊர்ல கைக்கொழந்தகூட அதை வாயில வைக்காதும்மா. அந்தத் தோலுல எண்ணெ இருக்குது, பட்ட எடமெல்லாம் பொத்துடும். நாலஞ்சு நாள்ல உரிஞ்சி வெள்ளையாத் தெரியும். பயந்துடாதீங்க. கொட்டெ உடைக்கறவங்க கையெல்லாம் நீங்க பாத்ததே இல்லியா?"

பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வாய் திறக்க முடியவில்லை. வீக்கம் ஒரு சாக்கு. ஒரு களிம்பும், ஐந்து நாள் ஓய்வு தேவை என்று ஒரு சீட்டும் கொடுத்தார்கள். நான் கேட்கவே இல்லை, அவர்களாகவே எழுதி, சீல் வைத்து நீட்டினார்கள்.

அந்த ஐந்து நாளும் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. மூன்றாம் நாள் எனக்குத் தூரம் வந்துவிட்டது. நாள் தள்ளிப் போனது வெறுமனே தள்ளிப் போனதுதான், உள்ளே ஒன்றும் இருந்திருக்கவில்லை. அவரிடம் இரண்டு சேதியையும் ஒன்றாகச் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். நான் கண்ணாடியில் உதட்டைப் பார்த்தேன். திட்டுத் திட்டாக வெளுக்க ஆரம்பித்திருந்தது. அவள் கையும் இப்படித்தான் இருந்தது. எனக்கு அன்றைக்கு வந்த அழுகை குழந்தைக்காகவா, அம்சவல்லிக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினேன். ரோட்டோரம் யாரும் இல்லை. ஒரு மைலும் தனியாக நடந்தேன். வகுப்பில் பிள்ளைகள் என் உதட்டை உற்றுப் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் பக்கத்துப் பெண்ணிடம், "டீச்சருக்கும் எண்ணெ பட்டுகிச்சு" என்று பரிதாபமாகச் சொன்னாள்.

அன்று மதியமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்சவல்லி வீட்டைத் தேடிப் போனேன். வந்து பத்து மாதமாகியும் அந்த ஊருக்குள் நான் போனது அன்றுதான் முதல் தடவை. ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் குந்தி உட்கார்ந்து, சாம்பலில் கையைத் தொட்டுத் தொட்டுக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ருக்குமணியின் வீட்டு வாசலில் கொட்டையும் இல்லை, சாம்பலும் இல்லை. தட்டிக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"வெள்ளிக்கெழமையே போயிட்டாங்க டீச்சரம்மா. மைன்ஸு பக்கத்துல, மந்தாரக்குப்பத்துக்கு. அந்தப் பொண்ணோட அப்பா ராஜாங்கம் அங்கதான் காண்ட்ராக்ட்ல மண்ணு சொமக்கறாரு."

"ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா?"

"மூணு தபா போனாங்க. மொத நாளு கும்பலு, பாக்கவே முடியல. ரெண்டாம் நாளு டாக்டரு பாத்துட்டு, ஒண்ணும் இல்ல, கொட்டெ எண்ணெதான், போன்னுட்டாரு. அந்தப் பொண்ணு, சீட்டு குடுங்க, சீட்டு குடுங்கன்னு அங்கியே நின்னுகினு இருந்துச்சாம். நோவு இருந்தாதான் சீட்டு எழுதுவோம், நோவு இல்லாததுக்கு என்னா சீட்டுன்னு தொரத்திட்டாங்களாம். மூணாம் நாளும் போயி சாயந்தரம் வரைக்கும் நின்னுட்டு வந்தாங்க. களிம்பு குடுத்தாங்களாம். சீட்டு குடுக்கல."

எனக்குக் கேட்காமலே கிடைத்த சீட்டு என் பைக்குள்தான் இருந்தது.

"அதுக்காகவா ஊரை விட்டுப் போனாங்க?"

பொன்னம்மாள் அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். "வைத்திலிங்கம் அவங்க வூட்டுக்குக் கொட்டெ அளக்கறத நிறுத்திட்டாரு. டீச்சரு படத்தக் காட்டினாங்களாமேன்னு ஊரெல்லாம் பேச்சாயிடுச்சு."

நேரே வைத்திலிங்கத்தின் களத்துக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். என் உதட்டைக் காட்டினேன்.

"நான் நம்புனேன்னா நெனைக்கறீங்க?" என்றார் அவர். "எங்கப்பன் காலத்துலேருந்து இந்தக் கொட்டையோட கெடக்கறவன். எனக்குத் தெரியாதுங்களா? ஆனா பருப்பு வாங்க வர்ற யாவாரி கேக்கறான். வாயில போட்டுக்கற சாமான், எந்த வூட்டுல உடைச்சதுன்னு கேக்கறான். டீச்சரே சொன்னாங்கன்னா அவன் யாரை நம்புவான்? நாளைக்கு நீங்க இல்லன்னு சொன்னா, பயந்துகினு மாத்திச் சொல்றாங்கன்னுவான். வுடுங்க. அதது தானா அடங்கும்."

அந்த ஊரில் ஒருத்தர்கூட அதை நம்பவில்லை. நம்பியது நான் மட்டும்தான். ஆனாலும் நடந்தது நடந்துவிட்டது.

ஜூலையில் சக்கரபாணி சார் திரும்பி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன், கோபித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "கேட்டிருக்கலாமேம்மா" என்றார். "என்னை இல்ல. பிள்ளைங்களைக் கேட்டிருக்கலாமே."

தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை மந்தாரக்குப்பத்துக்குப் போய்ச் சந்து சந்தாகத் தேடினேன். ராஜாங்கம் என்று கேட்டால் எந்த ராஜாங்கம் என்றார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் வேலை இருக்கிற இடத்துக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள். நாலாவது வாரமும் நான் கிளம்பியபோது, செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் என் வீட்டுக்காரர், "கெடச்சாத்தான் என்னத்த சொல்லுவ?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் அதட்டியதில்லை. பிள்ளைகள் அதைப் பெரிதாகக் கவனித்ததாகவும் தெரியவில்லை. அம்சவல்லியின் ஐந்தாம் வகுப்புப் புத்தகம் மேஜை டிராயரில் இருந்தது. பதிவேட்டில் அவள் பேரை அடிக்காமல் வைத்திருந்தோம். தினமும் வருகை எடுக்கும்போது அவள் பேரைக் கூப்பிடுவேன், ஒரு நொடி பார்ப்பேன், அடுத்த பேருக்குப் போவேன். ரோட்டோரத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை அந்த ஒரு மைல் இத்தனை நீளம் என்று எனக்கு முன்னால் தெரிந்ததில்லை.

அடுத்த பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். அவர் டே ஷிப்டுக்குப் போயிருந்தார். கேட் பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. திறந்தால் அம்சவல்லி. ஒரு சாண் வளர்ந்திருந்தாள். யாரோ பெரிய பெண்ணின் பழைய கவுனைப் போட்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி வேப்பமர நிழலில் ருக்குமணி. வீட்டு நம்பரை அவள் மறக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள்.

நான் என்னென்னவோ பேசினேன். உன்னை எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா என்றேன். உன் புத்தகம் பத்திரமாக இருக்கிறது, பேர் அடிக்கவில்லை, நாளைக்கே வந்துவிடு, பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, நீ பிடித்துவிடுவாய் என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஒரு சீட்டு வேணும் டீச்சர்" என்றாள்.

"சீட்டெல்லாம் வேண்டாம்மா. தப்பு என்னோடது. நீ சும்மாவே வா."

"இஸ்கூலுக்கு இல்லீங்க டீச்சர்." கையை முன்னால் கொண்டுவந்து காட்டினாள். புண் எப்போதோ ஆறியிருந்தது. வெளுத்த திட்டுகள் மட்டும் லேசாகத் தெரிந்தன. "அடுத்த பிளாக்குல ஒரு வூட்டுல பாத்திரம் வௌக்கறேன். பத்து நாளாச்சு. நேத்து அந்த அம்மா கையப் பாத்துட்டு, என்னாடி இதுன்னு கேட்டாங்க. கொட்டெ எண்ணெம்மான்னு சொன்னேன். நம்பல. எங்க டீச்சரக் கேளுங்க, இந்த நம்பர் வூட்டுலதான் இருக்காங்கன்னு சொன்னேன். குவார்ட்டர்ஸ்காரங்களா, அப்ப அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வா, வச்சிக்கறேன்னாங்க."

நான் ருக்குமணியைப் பார்த்தேன். "ஏம்மா, இவ படிக்கற பொண்ணு. இவளைப் போயி..."

ருக்குமணி முன்னே வந்தாள். அப்போதும் கேட்டைத் தாண்டவில்லை.

"எனக்கு மண்ணு சொமக்க முடியலீங்க டீச்சரம்மா. கொட்டெ உடைக்கத்தான் தெரியும், அது போயிடுச்சு. இவங்க அப்பாவுக்கு வாரத்துல நாலு நாளு வேல இருந்தாப் பெரிசு. பஸ்ஸு ஏறி உங்க பள்ளிக்கூடத்துக்கு எங்கேருந்து அனுப்பறது? எழுதிக் குடுங்க. இதுவும் போச்சின்னா நாங்க எங்க போவோம்?"

குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். வந்த காரியத்தைச் சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தேன். பேனா ஓடவில்லை. மந்தாரக்குப்பத்திலேயே ஏதாவது பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சேர்த்துவிடலாம், சாயங்காலம் இங்கே வரச் சொல்லி நானே பாடம் சொல்லிக் கொடுக்கலாம் என்றெல்லாம் யோசித்தேன். திரும்பி வந்து அதையும் சொன்னேன். அம்சவல்லி எல்லாவற்றுக்கும் "சரிங்க டீச்சர்" என்றாள். அன்றைக்கு அவள் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று சொன்ன அதே "சரிங்க"தான். வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில் எழுதினேன்.

தாளை அவளிடம் நீட்டினேன். வாங்கியவள் மடிக்கவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பாளே, அதே மாதிரி நிமிர்ந்து நின்று, எங்கேயும் தட்டாமல், முழுக்க உரக்க வாசித்தாள்.

"இந்தச் சிறுமி அம்சவல்லியின் கைகளில் எந்த நோயும் இல்லை. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டதால் ஏற்பட்ட தழும்புதான். இவள் நல்ல பெண். இப்படிக்கு, ம. சந்திரா, ஆசிரியை."

வாசித்து முடித்துவிட்டு, "அந்த வூட்டுலயும் கொழாயத் தொறந்தா எந்நேரமும் தண்ணி வருது டீச்சர்" என்றாள். "எவ்ளோ பாத்திரம் இருந்தாலும் நிக்கறதே இல்ல."

போகத் திரும்பியவள், மறுபடி தாளைப் பார்த்துவிட்டு நின்றாள். கொஞ்சம் தயங்கினாள். டீச்சரிடம் தப்பைச் சொல்லலாமா என்ற பழைய தயக்கம்.

"டீச்சர், தேதி போடலீங்க. செல்லாதுன்னு சொல்லிடுவாங்க."

வாங்கித் தேதி போட்டுக் கொடுத்தேன்.